மணி அடித்தால் மண்டி போடவும்

கோயிலில் திரை கட்டிப் படம் காட்டலாமா கூடாதா என்று யாராவது வாதத்தை ஆரம்பித்தால், நான் மெதுவாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். ஒரு காலத்தில் இதே விஷயத்துக்காகத் தொண்டை கிழியப் பேசியவன் நான். 'காதால கேட்டது கோயில் வாசப்படியிலயே நின்னுடும், கண்ணால பாத்தாத்தான் வீடு வரைக்கும் வரும்' என்பது என் கட்சி. அந்தக் கட்சி இன்றைக்கும் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதை நான் வாயைத் திறந்து சொன்னால் சிதம்பரத்தில் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களில் பாதிப் பேர் என் மனைவியின் சொந்தக்காரர்கள் என்பதால் கோபித்துக்கொள்ளவும் முடிவதில்லை.

அப்போது எனக்குக் கல்யாண வயது வந்து, தாண்டிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை, ஆள் போதாத நாளில் கேமராவும் பிடிப்பேன். தாலி கட்டும் நேரத்தில் வானத்திலிருந்து ரோஜா இதழ் கொட்டுவது, மாப்பிள்ளையும் பெண்ணும் பனிமலையில் கைகோத்து நடந்துபோவது (இரண்டு பேரும் நெய்வேலியைத் தாண்டிப் போயிருக்க மாட்டார்கள்), இதெல்லாம் என் கைவண்ணம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுப்பேன். லேப்டாப்பில் நோவாவின் பேழையைக் காட்டினால் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. திருச்சபைக்கு ஒரு பெரிய பிரசங்கி கிடைத்துவிட்டான், அந்தச் செய்தி அவர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஜெசிந்தாவை நான் முதலில் பார்த்தது கேமராவுக்குள். சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். அவள் பெண்ணுக்குத் தோழி. அன்று எடுத்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்டா அமலா, கல்யாணப் பொண்ணு எங்கடா? கேக் வெட்றப்ப கூட மூணாவதா நிக்கிற பொண்ணு மூஞ்சிதான்டா தெரியுது!"

என் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, சிதம்பரத்தில் ஜெசிந்தா போகும் அதே கோயில் பங்கைச் சேர்ந்தவள். விசாரித்துச் சொன்னாள். பெண் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அப்பா லூர்துசாமி, மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து, ஆயுள் முழுக்கக் கம்பம் ஏறி, ரிட்டயர் ஆனவர். சின்னம்மா ஜாடையாகப் பேச்சை எடுத்தபோது அந்த மனுஷன் சொன்ன பதில் இது: "வீடியோ எடுக்கறவனா? கல்யாணத்துக்கு வேணா கூப்புடறேன். மாப்புள்ளையா எதுக்கு?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சின்னம்மா விடவில்லை. "டேய், அவருக்குக் கோயில்னா உயிரு. தவக்காலத்துல ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைய விட்டது கிடையாது. நீ படம் காட்டிப் பிரசங்கம் பண்றியே, அதை எங்க கோயில்ல வந்து பண்ணு. உன்ன பீடத்துக்கிட்ட வச்சுப் பாத்தாருன்னா மனசு மாறிடும். எங்க ஃபாதரும் சின்ன வயசு, புதுசா எதுன்னாலும் சரின்னுடுவாரு."

ஃபாதர் சரி என்றார். லூர்துசாமியும் ஒரு செய்தி சொல்லியனுப்பினார். "வரட்டும். பையனைப் பாத்துக்கறேன். பாத்துட்டு, குடுக்கறதா இல்லையான்னு அன்னிக்கே சொல்லிடறேன்." எனக்கு அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான். அதை விட்டால் ஜெசிந்தா இல்லை.

சிலுவைப்பாதை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் வழிபாடு அது. இயேசு ஆளுநன் பிலாத்துவால் தீர்ப்பிடப்பட்டதிலிருந்து கல்லறையில் வைக்கப்பட்டது வரை பதினான்கு நிலைகள். ஒவ்வொரு நிலையின் பெயரைச் சொன்னதும் எல்லாரும் மண்டி போட்டு எழுந்திருக்க வேண்டும். பிறகு ஒரு சிறு சிந்தனை. அதற்கப்புறம் ஒரு பர, ஒரு அருள், ஒரு திரி (செபங்களின் பெயர்களை நாங்கள் இப்படித்தான் சுருக்கி வைத்திருக்கிறோம்). ஒரு பாட்டு. அடுத்த நிலை. முட்டி நல்ல நிலையில் இருப்பவர்களுக்கே கடைசியில் கொஞ்சம் வலிக்கும்.

நான் போட்ட திட்டம் பிரமாதமான திட்டம், இன்றைக்கும் சொல்வேன். ஒவ்வொரு நிலைக்கும் மூன்று படம். முதலில் இயேசுவின் படம், அடுத்தது அதே பாடு நம்ம ஊரில் எப்படி இருக்கிறது என்று நானே எடுத்த ஒரு புகைப்படம், மூன்றாவது ஒரு வசனம். இயேசுவின் சிலுவையைச் சீமோன் சுமக்கும் ஐந்தாம் நிலைக்குக் குமராட்சிப் பக்கம் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது எடுத்த படம் வைத்திருந்தேன். மார்பளவு தண்ணீரில் ஒருவர் யாரோ ஒருவருடைய மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு போவார். அந்தப் படத்தின் மேல் எனக்குக் கொள்ளை நம்பிக்கை.

இதற்கு மேல் ஒரு யோசனை வந்தது. அதுதான் என் குடியைக் கெடுத்தது. எங்கள் ஆட்களுக்கு மணிச்சத்தம் என்றால் ஒரு பழக்கம் உண்டு. பூசையில் ஃபாதர் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரத்தில் மணி அடித்தால் கோயிலே மண்டி போடும். யோசித்துப் போடுவதில்லை. மூளைக்குத் தகவல் போவதற்கு முன்னால் முட்டி தரையில் இருக்கும். ஆகையால் ஒவ்வொரு நிலை ஆரம்பிக்கும்போதும் திரையில் படம் மாறும், கூடவே ஒரு மணி அடிக்கும், சனங்கள் தானாக மண்டி போடுவார்கள், நான் நிலைப் பெயரைச் சொல்லவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஃபைலைப் புதிதாகச் செய்யச் சோம்பல். ரிசப்ஷன் ஹால் வாசலில் ஒரு டி.வி. வைத்து மாப்பிள்ளை பெண் படங்களை ஓடவிடுவோமே, அந்த ஃபைல் ஒன்று கையில் இருந்தது. அதில் படங்கள் தானாகவே மாறும். ஒவ்வொரு படம் மாறும்போதும் கெட்டிமேளம் ஒலிக்கும். கடைசிப் படம் முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து ஓடும். அதில் மாப்பிள்ளை பெண்ணை எடுத்துவிட்டு இயேசுவைப் போட்டேன். கெட்டிமேளத்தை எடுத்துவிட்டு மணியைப் போட்டேன். படம் தானாக மாறுவதை நிறுத்தவில்லை. மணி நிலையின் முதல் படத்துக்கு மட்டும் அடிக்கும்படி மாற்றவும் இல்லை. திரும்பச் சுற்றுவதையும் நிறுத்தவில்லை. ஓட்டிப் பார்த்தபோது முதலாளி பக்கத்தில் போன் பேசிக்கொண்டிருந்ததால் சத்தத்தை அணைத்துவிட்டு, டக் டக்கென்று நானே தட்டிப் படத்தை மாற்றிப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று மூடிவிட்டேன். படிப்பவர்கள் இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளவும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

லேப்டாப்புக்குக் காவலாக மாமா மகன் சகாயத்தைக் கூட்டிக்கொண்டேன். அவனுக்கு ஒரு வியாதி, பொத்தானைப் பார்த்தால் அமுக்கிப் பார்க்க வேண்டும். அதனால் பஸ்ஸில் போகும்போதே கண்டிஷனாகச் சொல்லிவிட்டேன். "மச்சான், கோயிலே இடிஞ்சு விழுந்தாலும் லேப்டாப்ல கை வைக்கக் கூடாது."

"மாதா மேல சத்தியமா தொட மாட்டேன் மச்சான்."

சாயங்காலம் நாலு மணிக்கே போய்விட்டோம். பங்குனி வெயில் கோயிலின் ஜன்னல் வழியாகப் பளீரென்று உள்ளே விழுந்துகொண்டிருந்தது. புரொஜக்டரைப் போட்டால் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. ஸ்டுடியோவிலிருந்து கொண்டுபோயிருந்த பழைய கல்யாண ஃப்ளெக்ஸ்களை ஜன்னல்களில் கட்டினோம். கறுப்பான பின்பக்கம் உள்ளே, படம் வெளியே. (தெருவில் போனவர்களுக்குக் கோயிலின் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு மணமக்கள் பல்லைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அதை அப்புறம்தான் சொன்னார்கள்.) மின்விசிறிக் காற்றில் திரை ஆடி இயேசுவின் முகம் நெளிந்ததால், ஃபாதரிடம் சொல்லி முன்பக்க விசிறிகளையும் நிறுத்தினேன். காற்று போக வழியில்லை, வரவும் வழியில்லை. கோயில் இட்லிப் பானையாகிவிட்டது.

சனம் வந்து நிறைந்தது. ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில், வெள்ளை வேட்டி சட்டையில், கனத்த உடம்போடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். சின்னம்மா தூரத்திலிருந்து கண்ணால் காட்டினாள். அவர்தான். பெண்கள் பக்கம் கடைசியில், சகாயத்தின் லேப்டாப் மேசைக்குப் பக்கத்தில் ஜெசிந்தா. என்னைப் பார்க்காமல் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்காமலிருப்பதை நான் பார்த்துக்கொண்டே மைக் முன்னால் போய் நின்றேன்.

"பிரியமானவர்களே, இன்னைக்கு நான் நிலைப் பேரைச் சொல்லப்போறதில்ல. படம் மாறும், மணி அடிக்கும். மணி அடிச்சா நீங்க மண்டி போடணும். அவ்வளவுதான்" என்றேன். எதிர்காலம் தெரியாதவன் பேசும் பேச்சு.

கையிலிருந்த ரிமோட்டை அழுத்தினேன். மணி அடித்தது. பிலாத்து கை கழுவினான். கோயில் முழுக்க ஒரே அசைவாக மண்டி போட்டு எழுந்தது. லூர்துசாமி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கி, நிதானமாக எழுந்தார். திரையைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். எனக்குப் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, அநியாயத் தீர்ப்புகளைப் பற்றி ஒரு வாரமாக எழுதித் திருத்திய சிந்தனையை ஆரம்பித்தேன்.

மணி அடித்தது. படம் மாறியது. நான் ரிமோட்டைத் தொடவேயில்லை. எல்லாரும் மண்டி போட்டார்கள், நானும் போட்டேன். கை தவறிப் பட்டிருக்கும் என்று எழுந்து சிந்தனையை விட்ட இடத்தில் தொட்டேன். மணி அடித்தது. மறுபடியும் எல்லாரும் கீழே. "நிலைக்கு மூணு தடவையா? புதுசா மாத்திட்டாங்களா?" என்று யாரோ ஒரு அம்மா கேட்டார். "கடலூர்ல இப்ப அப்படித்தான் போல" என்று இன்னொரு அம்மா சமாதானம் சொன்னார்.

இரண்டாம் நிலை தானாகவே வந்தது. அப்போதுதான் எனக்கு ரிசப்ஷன் ஹால் ஞாபகம் வந்தது.  ஐந்து மணிக்கு மாப்பிள்ளை பெண் நுழைவதிலிருந்து பந்தி முடியும் வரைக்கும் யாரும் தொடாமல் ஓடுவதற்காக நானே செய்த ஃபைல் அது. அதன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

பின்னால் போகும் பொத்தானை அழுத்தினேன். படம் பின்னால் போனது. போகும்போதும் மணி அடித்தது. சனம் மண்டி போட்டது. முன்னால் தட்டினேன். மணி. மண்டி. ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுவிட்டேன்.

சகாயத்துக்கு ஜாடை காட்டினேன். கையை அசைத்தேன். அவன் எல்லாம் அருமையாகப் போகிறது என்று நான் சொல்வதாக நினைத்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். நிறுத்து என்று இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டினேன். அவன் பக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டான். எழுந்து ஓடலாமென்றால் நடுப்பாதை முழுக்க ஆட்கள் தரையில் மண்டி போட்டுக்கொண்டிருக்கிறார்கள், எழுந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களைத் தாண்டிக் குதித்து ஓடும் பிரசங்கிக்கு எவன் பெண் கொடுப்பான்?

மைக்கிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். முதல் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருக்கும்போது, எனக்குத் தெரிந்த ஒரே வேலையும் எனக்குத் தெரியவில்லை என்று மைக்கில் எப்படிச் சொல்வது? அதனால் படத்தின் வேகத்துக்கு நானும் பிரசங்கத்தை ஓட்டினேன். மூன்று பக்கச் சிந்தனை மூன்று வார்த்தையானது. பாட்டை விட்டுவிட்டோம். பரலோக மந்திரத்தை ஆரம்பித்து 'எங்கள் அன்றாட உணவை' என்ற வரிக்கு வரும்போது மணி அடிக்கும், உணவு அந்தரத்தில் நிற்கும், எழுந்ததும் எங்கே விட்டோம் என்று தெரியாமல் ஆளுக்கொரு இடத்திலிருந்து தொடர்வார்கள். என் கொள்ளிடத்து வெள்ளப் படம் வந்தது. யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் குனிந்திருந்தார்கள்.

இயேசு மூன்றாம் முறை விழுந்தபோது எனக்கே தாங்கவில்லை. "பிரியமானவர்களே, தயவுசெஞ்சு இனிமே மணியைக் கண்டுக்காதீங்க, நின்னுனே இருங்க" என்று மைக்கில் கெஞ்சினேன். சொல்லி வாய் மூடவில்லை, மணி அடித்தது. அத்தனை பேரும் மண்டி போட்டார்கள். நானும்தான். பழக்கம் அப்படி.

சட்டையெல்லாம் உடம்போடு ஒட்டிவிட்டது. வயதானவர்கள் எழுந்திருப்பதை நிறுத்திவிட்டு, பாதியிலேயே ஒரு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஃபாதர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். லூர்துசாமி மட்டும் ஒரு மணியைக்கூட விடவில்லை. ஒவ்வொரு முறையும் முழுசாக இறங்கி முழுசாக எழுந்தார். முகம் சிவந்து, உதடு இறுகியிருந்தது. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க என் கல்யாணம் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வழியாகப் பதினான்காம் நிலை வந்தது. இயேசுவைக் கல்லறையில் வைத்தார்கள். கடைசி வசனம் வந்தது. மணி அடித்தது. மண்டி போட்டோம். முடிந்தது என்று கோயிலே ஒரு பெருமூச்சு விட்டது. எனக்கும் உயிர் வந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

மணி அடித்தது. திரையில் பிலாத்து கை கழுவினான்.

பழக்கத்தில் பாதிப் பேர் மறுபடியும் கீழே போனார்கள். அப்போது முதல் பெஞ்சுக்குக் கீழேயிருந்து, எழுந்திருக்க முடியாமல் மண்டி போட்டபடியே, லூர்துசாமியின் குரல் வந்தது. கம்பத்தின் உச்சியிலிருந்து கீழே நிற்பவனோடு பேசிப் பழகிய குரல். மைக் தேவையில்லை.

"தம்பி, அவரை இப்பத்தானேப்பா அடக்கம் பண்ணோம்! மறுபடியும் எதுக்குப்பா பிலாத்துக்கிட்ட இழுத்துனு போற?"

முதலில் பாடற்குழுவில் ஒரு பெண் களுக்கென்றாள். அப்புறம் பெண்கள் பக்கம் முழுக்க. அப்புறம் ஆண்கள். தவக்கால வெள்ளிக்கிழமையில், சிலுவைப்பாதையில், ஒரு கோயில் முழுக்க அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஃபாதர் பீடத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஜெசிந்தா எழுந்து நேராக லேப்டாப் மேசைக்கு வந்தாள். சகாயம் இரண்டு கையையும் விரித்து மறித்தான்.

"ஏங்க, தொடாதீங்க! மச்சான் திட்டுவான்!"

"உங்க மச்சானை எங்கப்பா இன்னிக்கு என்னா பண்ணப் போறாருன்னு மொதல்ல பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் லேப்டாப்பை மூடினாள். திரை நீலமாகியது. மணி நின்றது.

ஃபாதர் விசிறிகளைப் போடச் சொல்லி, கையில் புத்தகத்தை எடுத்துக் கடைசி செபத்தைச் சொல்லி முடித்தார். எல்லாரும் எழுந்தார்கள், லூர்துசாமியைத் தவிர. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு பக்கம் அவருடைய நண்பர் ஒருவர் பிடித்தார், இன்னொரு பக்கம் நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அவர் கீழேயிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் அமலதாசா?"

"ஆமாங்க மாமா." (மாமா என்று யார் என்னைச் சொல்லச் சொன்னது? வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.)

"சரி, தூக்கு."

அன்றே சொல்கிறேன் என்றவர் ஒன்றும் சொல்லவில்லை. காலை நீட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். ஜெசிந்தா கூடவே போனாள். நாங்கள் புரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினோம். வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "என்னாடா ஆச்சு?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் சகாயம், "சூப்பரா போச்சு அத்தை. லேப்டாப்பை நான் தொடவே இல்ல" என்றான்.

நான் போய்ப் படுத்துவிட்டேன். வெட்கம் ஒரு பக்கம் இருந்தது, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண் இனி எனக்கு இல்லை என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நன்றாகவே அழுதேன். மறுநாள் ஸ்டுடியோவில் ஒரு கல்யாணத்துக்கு ரோஜா இதழ் கொட்டவைக்க வேண்டியிருந்தது. கொட்டவே மனசு வரவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்துச் சின்னம்மா போன் செய்தாள். "டேய், அந்த மனுஷன் உன்னை வீட்டுக்கு வரச் சொல்றாரு. லேப்டாப்பையும் எடுத்துனு வரணுமாம்."

"எதுக்கு சின்னம்மா, உடைக்கறதுக்கா?"

"தெரியலடா. நீ வா."

லூர்துசாமி ஒரு முட்டியில் கட்டுப் போட்டு, காலை ஸ்டூலில் நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். வீடு முழுக்கத் தைல வாசனை. நான் வாசலில் நின்றபடியே, "மாமா, மன்னிச்சுடுங்க" என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும். தண்ணிக்குள்ள ஒருத்தன் மூட்டை தூக்கினு போனானே, அந்தப் படத்தைக் காட்டு. அரைகுறையாத்தான் கண்ணுல பட்டுது. நல்லாப் பாக்கறதுக்குள்ள மணி அடிச்சுட்ட."

சத்தத்தை அணைத்தேன். (இரண்டு தடவை சரிபார்த்தேன்.) தானாக மாறுவதை ஏற்கெனவே நிறுத்தியிருந்தேன். ஐந்தாம் நிலைப் படத்தை எடுத்து அவர் மடியில் லேப்டாப்பை வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். 

"குமராட்சிதானே இது?"

"ஆமாம் மாமா."

"இந்த வெள்ளத்துல நான் அங்கதான் கம்பி இழுத்துனு இருந்தேன். திடீர்னு தண்ணி ஏறிப்போச்சு. எனக்கு நீச்சல் தெரியாது, வெளிய சொன்னா சிரிப்பாங்க. கழனி வேலை செய்யறவன் ஒருத்தன் என்னைத் தோள்ல தூக்கி வச்சு ரோட்டுல கொண்டாந்து வுட்டான். பேரு கூட கேக்கல நான்." அவர் படத்திலிருந்த ஆளை விரலால் தொட்டார். "இவன் அவன் இல்ல. ஆனா இப்பிடித்தான் இருந்தான். சரி, மத்த படத்தையும் காட்டு. நிதானமா."

பதினான்கு நிலையையும் காட்டினேன். ஒவ்வொரு படத்தையும் அவரே தட்டி மாற்றினார், அவருக்கு வேண்டிய வேகத்தில். கோயிலில் சொல்ல முடியாமல் போன சிந்தனையை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு ஆள் கேட்டார். காப்பி கொண்டுவந்த ஜெசிந்தா போகாமல் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தாள், அதனால் இரண்டு ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்னும் பிரசங்கம் பண்ணியதில்லை, பின்னும் பண்ணியதில்லை.

கடைசிப் படம் முடிந்ததும் அவர் லேப்டாப்பை மூடி என்னிடம் கொடுத்தார்.

"வீடியோக்காரனுக்குப் பொண்ணு குடுக்கறதில்லன்னுதான் இருந்தேன். அன்னிக்கி ஒண்ணு பாத்தேன். மெஷின் உன் பேச்சைக் கேக்கலன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் மணி அடிக்கறப்பல்லாம் நீயும் மண்டி போட்ட. வேற எவனா இருந்தா நம்மள மண்டி போட வச்சுட்டு அவன் நின்னுனு இருப்பான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது பழக்கதோஷம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

"அப்பா, அவரு பயத்துல போட்டாருப்பா" என்றாள் ஜெசிந்தா. என் காதுபட அவள் என்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது.

"பயமோ பக்தியோ, போட்டான் இல்ல? எனக்கு அது போதும். நீ உன் முடிவைச் சொல்லு."

அவள் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது சிரித்துக்கொண்டே போனாள். அந்த வீட்டில் அதுதான் சம்மதம் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன்.

மாமாவின் முட்டி மட்டும் சரியாகவில்லை. கம்பம் ஏறி ஏறி ஏற்கெனவே தேய்ந்திருந்ததாம், நான் கடைசிக் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். இனி மண்டியே போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் மண்டி போட்டிருக்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருக்க அவருக்கு மானக்கேடாக இருந்தது. ஃபாதர் ஒரு வேலை செய்தார். கோயிலின் ஓரச் சுவரையொட்டி வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, முட்டி வலிக்காரர்கள் எல்லாரும் இங்கே உட்காரலாம் என்று அறிவித்தார். முதல் வாரமே நிறைந்துவிட்டது. இத்தனை வருஷமும் வலியை வெளியே சொல்லாமல் எத்தனை பேர் மண்டி போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த நாற்காலிகளுக்குப் பங்கில் 'மாப்பிள்ளை சேர்' என்று பெயர். "ஏன் சார் ஒக்காந்துனு இருக்கீங்க?" என்று யாராவது கேட்டால் மாமா, "என் மாப்புள்ள வாங்கிக் குடுத்த வலி, அதுக்கு வந்த சேரு" என்று சொல்லிவிட்டுக் கதையைப் பிலாத்திலிருந்து ஆரம்பிப்பார். ஃபாதர்கள் மாறிவிட்டார்கள், பெயர் மாறவில்லை. இப்போதிருப்பவர் ஒருநாள் பூசை முடிவில், "மாப்பிள்ளை சேர்களை யாரும் திருமண மண்டபத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்" என்று அறிவிப்பே வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது சாதாரணப் பெயர்.

போன தவக்காலத்தில் சிலுவைப்பாதைக்கு நாங்கள் சிதம்பரம் போயிருந்தோம். எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தே கழிந்த வயதில் எனக்கும் முட்டி பிடித்துக்கொண்டது. நாலாம் நிலையில் கீழே போனவன் எழுந்திருக்கப் பக்கத்து ஆளின் தோளைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து ஜெசிந்தா, பேசாமல் போய் உட்காருங்கள் என்று கண்ணை உருட்டினாள். சுவரோரம் போனேன். மாமா தன் பக்கத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலி நாற்காலியைக் கையால் ஒரு தட்டுத் தட்டித் துடைத்தார்.

"வா மாப்புள்ள. உன் சேரைத்தான் இத்தனை வருஷமா நாங்கல்லாம் பத்திரமா பாத்துனு இருந்தோம்" என்றார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்து, ஆளுக்குக் கொஞ்சம் நாற்காலியைத் தள்ளிப் போட்டு எனக்குக் கால் நீட்ட இடம் விட்டார்கள்.